பழைய மடிக்கணினியில் வெளிப்படும் வழு

2021 பெப்ரவரி நடுவில் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியது. போர்ட்லண்ட் நகரத்தை ஒட்டிய ஒரு வீட்டில் ஆறு நாள் கரண்ட் இல்லை. மழைக்காலத்தில் பெரகலைக்குக் கீழே இருக்கும் நமக்கு இது பழகிப்போன கதை. ஆனால் அந்த வீட்டில் இருந்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் எது சேரும், எது சேராது என்று கடைசி முடிவு சொல்பவர். உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான மாற்றங்கள் வந்து குவியும் இரண்டு வாரத்தில்தான் அவர் இருட்டில் கிடந்தார். கரண்ட் வந்ததும் விட்ட வேலையை ஓடிப் பிடித்து, பெப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை 5.12-ஆர்சி1 என்ற சோதனைப் பதிப்பை வெளியிட்டார்.

மூன்று நாள் கழித்து, மார்ச் 3ஆம் திகதி, அந்தப் பதிப்பை யாரும் தொட வேண்டாம் என்று அவரே எச்சரிக்கை விடுத்தார். பதிப்பின் பெயரோடு 'டோன்ட்யூஸ்' என்ற சொல்லையும் ஒட்டிவைத்தார். அந்தக் கெர்னலை ஓட்டிய சிலருடைய வன்தட்டில் இருந்த கோப்புகள் சிதைந்துபோயிருந்தன. கணினியில் நினைவகம் போதாமல் போகும்போது, அதில் ஒரு பகுதியை எடுத்து வன்தட்டில் எழுதிவைப்பது கெர்னலின் வழக்கம். இதை ஸ்வாப் என்பார்கள். ஸ்வாப்புக்கென வன்தட்டில் தனிப் பகுதி ஒதுக்குவோர் உண்டு. சாதாரணக் கோப்பு ஒன்றையே ஸ்வாப் ஆக்கிக்கொள்வோரும் உண்டு. 5.12-ஆர்சி1இல் அந்தக் கோப்பு வன்தட்டில் எங்கே தொடங்குகிறது என்ற கணக்குத் தவறிவிட்டது. கோப்புக்குள் போக வேண்டியது வன்தட்டுப் பகுதியின் தொடக்கத்தில் போய் விழுந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம் அது.

தனிப் பகுதி ஒதுக்கியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நினைவகம் தாராளமாக இருந்தவர்களும் தப்பித்தார்கள். டோர்வால்ட்ஸ் 2020 மே மாதம் மாறிக்கொண்ட கணினி, 32 கோர் கொண்ட ஏஎம்டி திரெட்ரிப்பர். அந்த மாதிரிக் கணினியில் ஸ்வாப்புக்கு வேலையே வராது. 4 ஜிபி நினைவகத்தோடு, பிரவுசரில் நாலு பக்கமும் ஒரு பிடிஎஃப் பாடக்குறிப்பும் திறந்தாலே திணறும் கணினியில் அதற்கு நாள் முழுக்க வேலை.

வசதியான கணினியில் தலைகாட்டாத வழு, வசதியில்லாத கணினியில் முதல் நாளே வெளியே வருகிறது. ஹல்துமுல்லையிலும் கொஸ்லந்தையிலும் பூணாகலையிலும் அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினிகளைப் பற்றி இந்த வாரம் எழுதக் காரணம் இதுதான். உலகத்தின் மிகப் பெரிய கட்டற்ற மென்பொருள் முயற்சிக்கு அவை தேவைப்படுகின்றன.

பெரட்டுக்களத்துக் கணக்கப்பிள்ளை

நம் பாடசாலைப் புத்தகங்கள் பணிசெயல் முறைமை என்று சொல்கிறவற்றின் நடுவில் இருப்பது கெர்னல். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, இத்தனை பேர் இந்த மலைக்கு, இத்தனை பேர் அந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பும் கணக்கப்பிள்ளையின் வேலைதான் அதற்கும். எந்த மென்பொருளும் தானாகப் போய் நினைவகத்தையோ வன்தட்டையோ திரையையோ தொட முடியாது. கெர்னலிடம் கேட்க வேண்டும், கெர்னல் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதன் கணக்குப் பிசகினால் அதற்கு மேலே இருக்கும் எதுவும் சரியாக நடக்காது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது டோர்வால்ட்ஸ், தான் ஒரு சிறிய பணிசெயல் முறைமை எழுதிக்கொண்டிருப்பதாக உலகத்துக்கு அறிவித்த நாள் 1991 ஓகஸ்ட் 25. இன்று அதன் மூலநிரல் 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு அண்ட்ராய்ட் போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் இருக்கிறது. உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் எல்லாம் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில் ஓடுகின்றன. வீட்டு மூலையில் சிவப்பும் பச்சையுமாய்க் கண் சிமிட்டும் ரவுட்டர்களிலும் பெரும்பாலும் இதுவே இருக்கிறது. லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம்கூடத் தினமும் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

ஒன்பது அல்லது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கெர்னல் வருகிறது. முதல் இரண்டு வாரம் சேர்க்கும் காலம். அதற்கு மெர்ஜ் விண்டோ என்று பெயர். உலகின் பல மூலைகளிலும் இருக்கும் சுமார் 2,000 பேர் எழுதிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களில் பெரும்பகுதி அந்த இரண்டு வாரத்தில் உள்ளே வந்துவிடும். அதன் முடிவில் வருவது ஆர்சி1. வெளியிடத் தகுமா என்று பார்ப்பதற்காக விடப்படும் பதிப்புத்தான் ஆர்சி. பிறகு புதிதாக எதையும் சேர்க்க மாட்டார்கள், கண்ட வழுக்களைத் திருத்துவது மட்டும்தான். வாரத்துக்கு ஒன்றாக ஆர்சி2, ஆர்சி3 என்று போய், ஆர்சி7இல் மனம் திருப்தியானால் அடுத்த ஞாயிறு இறுதிப் பதிப்பு. திருப்தி இல்லையென்றால் ஆர்சி8. ஒரேகனில் ஞாயிறு பிற்பகல் வெளியாகும் ஆர்சி நமக்கு வந்து சேர்வது திங்கள் விடியலில், பெரட்டுக்கு ஆட்கள் இறங்கும் நேரத்துக்குச் சற்று முன்னே பின்னே.

இந்த ஏழெட்டு வாரமும் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக நிற்கும் விதி ஒன்று உண்டு. முந்தைய பதிப்பில் ஓடியது புதிய பதிப்பில் ஓடாமல் போகக் கூடாது. புதிய வசதி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி, அது ஒருவருடைய கணினியில் நன்றாக நடந்துகொண்டிருந்த ஒன்றைக் கெடுத்தால், வசதியைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளில்கூட எளிதில் கிடைக்காத வாக்கு இது. ஆனால் அந்த வாக்கு நடைமுறைக்கு வர ஒரு நிபந்தனை இருக்கிறது. கெட்டுப்போனது என்று யாராவது சொல்ல வேண்டும், அதுவும் ஆர்சி காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

சோதித்தவர்கள் கொடுத்த விலை

ஆர்சி சோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் 2008ஆம் ஆண்டுக் கதையைத்தான் சொல்வேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் 2.6.27இன் ஆர்சி பதிப்புகளை ஓட்டியவர்களில் சிலருக்கு வலையமைப்பு அட்டை திடீரெனச் செத்துப்போனது. இன்டெல் நிறுவனத்தின் கிகாபிட் அட்டை அது. அதை இயக்கும் டிரைவரின் பெயர் இ1000இ. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் அட்டை உயிர்பெறவில்லை. விண்டோஸ் போட்டுப் பார்த்தாலும் பலனில்லை. அட்டைக்குள்ளே, கரண்ட் போனாலும் அழியாத சிறு நினைவகம் ஒன்று உண்டு. தன் முகவரி என்ன, தான் எப்படி இயங்க வேண்டும் என்ற விவரங்களை அட்டை அதில்தான் வைத்திருக்கும். அந்த நினைவகமே அழிந்துபோயிருந்தது. மென்பொருள் வழுவொன்று வன்பொருளையே கெடுத்துவிட்டது.

உபுண்டு, ஃபெடோரா, சூசே ஆகிய லினக்ஸ் தொகுப்புகளின் முன்னோட்டப் பதிப்புகளிலும் இதே கெர்னல் இருந்ததால் பதற்றம் பரவியது. அந்த டிரைவரையே முடக்கிவைத்தார்கள். முதலில் சந்தேகம் இன்டெலின் திரை டிரைவர் மீது விழுந்தது. பிறகு வலையமைப்பு டிரைவர் மீது. இரண்டும் குற்றவாளி இல்லை. உண்மையான காரணம், வலையமைப்புக்குச் சம்பந்தமே இல்லாத எஃப்டிரேஸ் என்ற கருவியில் இருந்தது. கெர்னலுக்குள் எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்படுகிறது என்று பின்தொடரும் கருவி அது. அதற்காகச் செயற்கூறுகளின் தொடக்க முகவரிகளைக் குறித்துவைத்து, தேவையானபோது அந்த இடத்தில் எழுதித் திருத்தும். சில செயற்கூறுகள் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் வேலை செய்பவை. வேலை முடிந்ததும் அவை இருந்த நினைவக இடத்தைக் கெர்னல் விடுவித்துவிடும். விடுவித்த அதே முகவரி பிறகு வேறொன்றுக்குப் போகும். சில கணினிகளில் அது போய்ச் சேர்ந்தது அட்டையின் அழியா நினைவகத்துக்கு. எஃப்டிரேஸ் பழைய குறிப்பை நம்பி அங்கே எழுதியது.

ஒக்டோபர் 9ஆம் திகதி 2.6.27 வெளியானபோது அட்டையின் நினைவகத்தில் யாரும் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டிருந்தார்கள். சில நாளில் வந்த 2.6.27.1இல் எஃப்டிரேஸின் அந்த வசதியையே முடக்கினார்கள். ஆர்சி காலத்தில் யாரும் அந்தக் கெர்னலை ஓட்டிப் பார்த்திராவிட்டால், அந்த வழு இறுதிப் பதிப்போடு உலகத்தின் அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போயிருக்கும். செத்த அட்டைகளின் சொந்தக்காரர்கள் அந்த விலையைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். அவர்களில் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. லினக்ஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நிரல் எழுதியவர்களைக் கொண்டாடும் அளவுக்கு இவர்களையும் கொண்டாட வேண்டும் என்பது என் கட்சி.

இயந்திரம் பார்ப்பதும் மனிதர் பார்ப்பதும்

இன்று சோதனையின் பெரும்பங்கை இயந்திரங்கள் செய்கின்றன. இன்டெல் நடத்தும் ஸீரோ-டே, வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்துத் தொகுத்து ஓட்டிப் பார்க்கிறது. 2014இல் தொடங்கிய கெர்னல்சிஐ, உலகின் பல ஆய்வுகூடங்களில் இருக்கும் பலகைகளில் புதிய கெர்னல் உயிர்பெற்று எழுகிறதா என்று பார்க்கிறது. கூகுளின் சிஸ்போட், தாறுமாறான கட்டளைகளைக் கெர்னல்மீது ஓயாமல் எறிந்து, எதில் அது சாய்கிறது என்று 2017இலிருந்து பதிவு செய்துவருகிறது. எல்டிபி எனப்படும் லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் இவற்றுக்கெல்லாம் மூத்தது. ஒரு காலத்தில் அதைப் பேணிவந்தவர் ஐபிஎம் இந்தியாவின் சுப்ரதா மோதக். அண்மை ஆண்டுகளில் நிலைப்பதிப்புகளின் சோதனை அறிக்கைகளில் அடிக்கடி காணும் பெயர்களில் ஒன்று, லினாரோ நிறுவனத்துக்காக இந்தியாவிலிருந்து உழைக்கும் நரேஷ் கம்போஜுவுடையது.

நிலைப்பதிப்புக்கும் ஓர் ஆர்சி உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். வெளியான கெர்னலுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். அவற்றைத் தொகுத்து வெளியிடும் கிரெக் குரோ-ஹார்ட்மன், வெளியிடும் முன் சுமார் 48 மணி நேரம் அவகாசம் கொடுப்பார். அதற்குள் சோதித்துச் சொல்ல வேண்டும். நம் போன்களுக்கும் வழங்கிகளுக்கும் கடைசியில் வந்து சேர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆனால் இயந்திரம் மடிக்கணினியின் மூடியை மூடித் திறப்பதில்லை. மூடியைத் திறந்ததும் வைஃபை திரும்ப வந்ததா, திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை வேலை செய்கிறதா, ஸ்பீக்கரில் கரகரப்பு இருக்கிறதா, பழைய பேட்டரி நேற்றைவிடச் சீக்கிரம் இறங்குகிறதா என்பதெல்லாம் அதைத் தினமும் தொடுகிறவருக்குத்தான் தெரியும். பத்து வருடத்துக்கு முன் கொழும்பு யூனியன் பிளேஸில் வாங்கிய மடிக்கணினியின் வைஃபை சில்லு எந்த ஆய்வுகூடத்தின் அலுமாரியிலும் இருக்காது. அது இருப்பது உங்கள் வீட்டில்.

அறிக்கை வந்தும் வெளியான பதிப்பு

2023 நவம்பரில் 6.1.64 என்ற நிலைப்பதிப்பின் ஆர்சி சோதனைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான திருத்தங்கள் கொண்ட தொகுப்பு. சோதித்தபோது எல்டிபியின் சோதனைகளில் ஒன்று தோல்வி காட்டியது. அறிக்கையும் போனது. அந்தத் தோல்விக்கு என்ன பொருள் என்று தெளிவாகுமுன் பதிப்பு வெளியாகிவிட்டது. டிசம்பர் தொடக்கத்தில்தான் விஷயம் புரிந்தது. புதிய கெர்னலுக்காக எழுதிய மாற்றம் ஒன்றைப் பழைய 6.1க்குக் கொண்டுவந்தபோது, அதற்கு முன்னால் சேர்த்திருக்க வேண்டிய இன்னொரு மாற்றத்தை விட்டுவிட்டார்கள். அதனால் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் குறிப்பிட்ட ஒரு விதத்தில் எழுதும்போது தரவு சிதைந்தது. டிசம்பர் 9ஆம் திகதி இந்தக் கெர்னலோடு வெளிவர இருந்த டெபியன் 12.3 என்ற லினக்ஸ் தொகுப்பு நிறுத்தப்பட்டது. மறுநாள் திருத்திய கெர்னலோடு 12.4 வந்தது.

இதைப் படிக்கும்போது ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவில் வாழும் எவருக்கும் வேறொரு நாள் நினைவுக்கு வரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. கோப்புச் சிதைவையும் உயிர்ச் சேதத்தையும் ஒரே தராசில் வைக்க நான் துணிய மாட்டேன். ஆனால் கண்டுபிடித்துச் சொன்னதோடு வேலை முடிவதில்லை, சொன்னது போய்ச் சேர்ந்து வேலை நிற்க வேண்டும் என்பதை இந்த மண் தெரிந்துவைத்திருக்கும் அளவுக்கு வேறு எந்த ஊரும் தெரிந்துவைத்திருக்காது. கெர்னல் சோதனையில் திருத்தத்துக்குரிய குறையும் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் வருடக்கணக்காகச் செய்துவருவது அந்தக் குறையைத் தீர்க்கும் வேலை. முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்று வரும் முறைப்பாடுகளைப் பட்டியலிட்டு, யாரும் மறந்துவிடாதபடி பின்தொடர்ந்து நினைவூட்டுகிறார். அதற்கென ரெக்ஸ்போட் என்ற கருவியையும் எழுதியிருக்கிறார்.

சொல்ல ஆள் இல்லாத வன்பொருள்

சோதிக்க ஆள் இல்லாத வன்பொருளுக்கு நேர்வதைப் பாருங்கள். டோர்வால்ட்ஸ் லினக்ஸை முதலில் எழுதியது 386 சில்லுக் கணினியில். அந்தச் சில்லுக்கான ஆதரவு 2013இல் வந்த 3.8 பதிப்போடு நீங்கியது. இன்டெல் பெரும் பணம் செலவழித்து உருவாக்கிய இட்டானியம், பேணுவாரும் சோதிப்பாரும் இல்லாமல் போய், 2024 ஜனவரியில் வெளியான 6.7இல் அகற்றப்பட்டது. ஃப்ளொப்பி தட்டின் டிரைவர் 2019இல் பொறுப்பாளர் இல்லாத அநாதை என்று குறிக்கப்பட்டது. சோதித்துப் பார்க்க வேலை செய்யும் ஃப்ளொப்பி கருவியே கையில் இல்லாததுதான் காரணம். பிறகு ஒருவர் முன்வந்து ஏற்றுக்கொண்டதால் அது தப்பியது.

பழையது போகத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு வன்பொருளை இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகள் பாவித்துக்கொண்டிருக்க, அந்த வீடுகளில் ஒன்றிலிருந்தும் ஒரு வரி போகாததால், யாரும் பாவிக்கவில்லை என்று முடிவு செய்யப்படுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏழை நாடுகளின் கணினிகள் அந்தக் கணக்கில் எளிதில் விடுபட்டுப்போகும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பழைய மடிக்கணினிகளில் இல்லை. 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்தபிறகு புதியது வாங்குவது தோட்டக் குடும்பங்களுக்கு எட்டாக் கனியாகிவிட்டது. ஆகவே இந்த மலைகளில் இருக்கும் கணினிகள் இனி பாதுகாப்பாக ஓட வேண்டுமானால் லினக்ஸ்தான் வழி. நாம் நம்பியிருக்கப்போகும் கெர்னலில் நம் கணினி ஓடுமா என்று பார்ப்பது நம் சொந்த வேலை.

இலங்கைக்கு இது புதிய பாதையும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்த சில வாரங்களுக்குள் கொழும்பில் தன்னார்வலர்கள் கூடி, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதியும் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். 2006இல் பிலிப்பைன்ஸின் கின்சாகோன் கிராமம் மண்சரிவில் புதைந்தபோது அங்கே பாவிக்கப்பட்டது சஹானாதான். அதே 2006க்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. கூகுளின் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தில், 2005 முதல் 2014 வரையான பத்து ஆண்டுகளில் உலகத்திலேயே மிக அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். பாடசாலைகளை மனதில் வைத்து ஹந்தானா லினக்ஸ் என்ற பதிப்பையும் இங்கே உருவாக்கினார்கள். இவை எல்லாம் மேல் அடுக்கில் கிடைத்த வெற்றிகள். கீழ் அடுக்கான கெர்னலுக்கும் இறங்க வேண்டும். இறங்குவதற்கு மிகச் சுலபமான படி சோதனை. நிரல் எழுதத் தெரியாதவரும் அதில் கால் வைக்கலாம்.

இங்கே செய்வது எப்படி

முதலில் ஓர் எச்சரிக்கை. வீட்டில் இருக்கும் ஒரே கணினியில், பிள்ளையின் உயர்தரச் செயற்றிட்டமும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியில், ஆர்சி போடக் கூடாது. 5.12-ஆர்சி1 கதையை நினைவில் வையுங்கள். இழந்தாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய கணினி வேண்டும், அல்லது முழு நகல் வேறெங்காவது இருக்க வேண்டும். பழைய கெர்னலை அழிக்க வேண்டாம். கணினியை இயக்கும்போது வரும் பட்டியலில் எந்தக் கெர்னல் என்று தேர்ந்துகொள்ளலாம். புதியது எழவில்லையென்றால் பழையதுக்குப் போய்விடலாம்.

உபுண்டுவும் ஃபெடோராவும் ஆர்சிகளைத் தொகுத்தே தருகின்றன. இறக்கிப் போட்டால் போதும். நீங்களே தொகுக்க விரும்பினால் மூலநிரலின் சுருக்கிய கோப்பை மட்டும் இறக்கினால் போதும். முழு வரலாற்றோடு இறக்கினால் பல ஜிபி போகும், டேட்டா தாங்காது. எல்லா டிரைவர்களையும் தொகுத்தால் பழைய கணினிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்கு 'லோக்கல்மோட்கான்ஃபிக்' என்ற வழி இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களை மட்டும் கணக்கெடுத்துத் தொகுக்கும். ஆகவே அதை ஓட்டும் முன் பென் டிரைவ், பிரின்டர், டொங்கிள் என்று நீங்கள் பாவிக்கும் எல்லாவற்றையும் செருகிவைக்க வேண்டும். செருகாததற்கு டிரைவர் இருக்காது. நடுவில் கரண்ட் போனாலும் கவலை வேண்டாம். தொகுத்து முடித்த கோப்புகள் அப்படியே இருக்கும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் மீதியிலிருந்து தொடரும். நம் ஊருக்கென்றே செய்த வசதி போல இருக்கிறது.

கணினி எழுந்ததும் கெர்னல் தன் குறிப்பேட்டில் வரிவரியாக எழுதும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சதுர அடைப்புக்குள் நேரம் இருக்கும். முதல் வரி பூச்சியத்தில் தொடங்கும். இந்தக் குறிப்பேட்டைப் பழைய கெர்னலில் ஒருமுறை, ஆர்சியில் ஒருமுறை சேமித்து, எச்சரிக்கை வரிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் இல்லாத எச்சரிக்கை புதியதில் இருந்தால் அதுதான் துப்பு. பிறகு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்: மூடியை மூடித் திறங்கள், பாட்டுக் கேளுங்கள், படம் பாருங்கள், பென் டிரைவில் ஒரு பெரிய கோப்பை எழுதித் திரும்பப் படியுங்கள், நினைவகம் நிரம்பும்வரை பக்கங்களைத் திறந்து ஸ்வாப் வேலை செய்ய விடுங்கள்.

வழு அகப்பட்டால், எந்த மாற்றம் அதைக் கொண்டுவந்தது என்று தேட, முழு வரலாற்றோடு இறக்கிய மூலநிரல் இருந்தால், 'கிட் பைசெக்ட்' உதவும். நன்றாக ஓடிய பதிப்பையும் கெட்ட பதிப்பையும் சொன்னால், சரிபாதியில் இருக்கும் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அதை ஓட்டி நல்லது அல்லது கெட்டது என்று சொன்னால், மீதியில் பாதி. பதினாலாயிரம் மாற்றங்களுக்கு நடுவே குற்றவாளியைப் பிடிக்க சுமார் 14 தடவை போதும். மெதுவான கணினியில் அது சில நாள் வேலை. ஆனால் அந்த உழைப்போடு போகும் முறைப்பாட்டை எந்த நிபுணரும் ஒதுக்க மாட்டார். திருத்தம் சேரும்போது, சொன்னவர் பெயரும் சோதித்தவர் பெயரும் அந்த மாற்றத்தோடு சேர்த்து எழுதப்படுகின்றன. அவை கெர்னலின் வரலாற்றில் அழியாமல் இருக்கும். வேலை தேடும் இளைஞருக்கு அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்ற தயக்கம் தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகளுக்கு இருக்கும். அலங்கார ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை. படமும் நிறமும் இல்லாத வெறும் எழுத்து மின்னஞ்சல், குறுகிய வாக்கியங்கள், குறிப்பேட்டின் நகல் இருந்தால் போதும். எப்படி முறைப்பாடு செய்வது என்று லீம்ஹுயிஸ் எழுதிய வழிகாட்டி கெர்னலோடேயே வருகிறது. கெர்னல் ஆவணங்களைச் சீனம், யப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் மொழிபெயர்த்துச் சேர்த்திருக்கிறார்கள். தமிழும் சிங்களமும் அங்கே இல்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி படிக்கும் மாணவர்கள் இரண்டு மொழியிலும் அந்த ஒரு வழிகாட்டியைக் கொண்டுவந்தாலே பெரிய உதவி.

பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினி அறையில் விண்டோஸ் 10 முடங்கிக் கிடக்கும் கணினிகளில் ஒன்றை ஒதுக்கி, அதில் லினக்ஸ் போட்டு, உயர்தர மாணவர்கள் இருவர் மூவரிடம் பொறுப்புக் கொடுங்கள். மெர்ஜ் விண்டோ இல்லாத வாரங்களில் திங்கள்தோறும் ஒரு புதிய ஆர்சி காத்திருக்கும். ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது கெட்டால் எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பதிப்பில் நன்றாக ஓடியது, எந்தப் பதிப்பில் கெட்டது, கணினி என்ன மாதிரி. இந்த மூன்று விவரத்தோடு போகும் முறைப்பாட்டுக்குப் பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு.